படம் அண்ணனுக்கு, சத்தம் தம்பிக்கு

பாகப்பிரிவினைப் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவர்களுக்குச் சொந்தக்காரி இல்லை. சொத்திலும் எனக்குப் பங்கு கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர் தங்கள் வீட்டைப் பிரித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரம், பண்டம், கிணற்றடி, தென்னை மரம் எல்லாம் காலையிலேயே பிரிந்துவிட்டதாம். மத்தியானம் ஹோம் தியேட்டரில் வந்து பேச்சு நின்றுவிட்டது. அது நான் விற்றது. "வித்தவங்களையே கூப்பிட்டுக் கேளுங்கப்பா" என்று பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்களில் ஒருவர் சொல்ல, எனக்கு ஃபோன் வந்தது.

எங்கள் கடை ராஜ வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா ரேடியோ ரிப்பேர் செய்ய ஆரம்பித்த இடம். பிறகு டேப் ரெக்கார்டர், கலர் டிவி, வாடகைக்கு வீடியோ கேசட், டிவிடி, ஹோம் தியேட்டர் என்று காலம் எதைக் கொண்டுவந்து போட்டதோ அதை விற்றோம். அப்பாவுக்கு அப்புறம் முப்பது வருஷமாக நான்தான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கும் வாரத்துக்கு ஒருவராவது உள்ளே வந்து என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "கடைக்காரர் இல்லியாமா?" என்பார். "நான்தாங்க" என்றால், "இல்ல, ஆம்பள யாருனா?" என்பார். அப்போது உள்ளேயிருந்து எங்கள் டெக்னீஷியனைக் கூப்பிடுவேன். அவர் அப்பா காலத்து ஆள். வலது காது கேட்காது. ஸ்பீக்கர் ஜோடியைச் சரிபார்க்கும்போது ஒன்றைக் கேட்டுவிட்டு, திரும்பி நின்று இன்னொன்றைக் கேட்பார். வந்தவர் தன் சந்தேகத்தையெல்லாம் அவரிடம் விளக்கமாகச் சொல்லி முடித்ததும், "அம்மாவக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அந்தச் சகோதரர்கள் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் சேர்ந்துதான் வந்தார்கள். கடையின் பின்னறையில், எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கோரைப்பாய் அடித்து வைத்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து அரைப் படம் பார்த்தார்கள். அண்ணனான பெரியவருக்குப் படம் பிடித்துவிட்டது. சின்னவருக்குச் சத்தம் பிடித்துவிட்டது. டிவி வேண்டாம், புரொஜெக்டரே வேண்டும் என்றார்கள். அவர்கள் கூடத்து உத்தரத்தில் புரொஜெக்டரைத் தொங்கவிட்டு, பதினாலு அடி தள்ளி எதிர்ச்சுவரில் திரையை மாட்டி, அதைச் சுற்றி ஸ்பீக்கர்களை வைத்தோம். தெருவே வந்து பார்த்தது. அந்த மாதம் மட்டும் அந்தத் தெருவிலிருந்து மூன்று பேர் விலை கேட்டு வந்தார்கள். வாங்கியது யாரும் இல்லை.

பிறகு ஏதோ சண்டை. என்ன சண்டை என்று பெரியவரைக் கேட்டேன். "அவனுக்குத் தெரியும்" என்றார். சின்னவரைக் கேட்டேன். "அவருக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் யாரிடம் கேட்பது?

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தின் நடுவே தரையில் சாக்பீஸ் கோடு கிழித்திருந்தது. அந்த வீடு இந்தத் தெருவிலிருந்து பின் தெரு வரை நீளுகிற வீடு. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு, கோட்டின் மேல் சுவர் என்று முடிவாகியிருந்தது. புரொஜெக்டர் கோட்டுக்கு இரண்டடி இந்தப் பக்கம் தொங்கியது. திரை பன்னிரண்டு அடி அந்தப் பக்கம்.

"உத்தரத்துல தொங்கறது அண்ணனுக்கு, சுவத்துல மாட்டினது தம்பிக்கு. சரிதானம்மா?" என்று பெரியவர்களில் மூத்தவர் என்னைக் கேட்டார்.

"சரிதாங்க. ஆனா புரொஜெக்டர் தனியா இருந்தா வெறும் விளக்கு. திரை தனியா இருந்தா வெறும் துணி. ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கணும். யாருக்காவது ஒருத்தருக்கு மொத்தமாக் குடுத்துடுங்களேன்."

"அது முடியாது" என்றார் அண்ணன்.

"முடியாது" என்றார் தம்பி.

"அப்ப சுவரு வாணாமா?" என்றார் மூத்தவர்.

"சுவரு வந்தே ஆவணும்" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று பக்கத்திலிருந்தவர் என்னிடம் சொன்னார்.

என்னோடு வந்த டெக்னீஷியன் நல்ல காதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். "சுவத்துல ஒரு ஓட்டை வுட்டா போச்சு" என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. மூத்தவர் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதும் எல்லோரும் ஆட்டினார்கள். எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தில், சுவரில் வெளிச்சம் போகிற வழிக்கு இரு தரப்பும் தடை சொல்லக் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது. கிணற்றுக்குப் போகிற வழிக்கு எழுதியிருந்த அதே வாசகம்.

அடுத்த வாரம் சுவர் எழும்பியது. ஐயம்பேட்டையிலிருந்து வந்த கொத்தனார் என்னையும் டெக்னீஷியனையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன் என்றுவிட்டார். "ஜன்னல்னா ஜன்னல்னு கட்டுவேன். வென்டிலேட்டர்னா வென்டிலேட்டர். இதுக்கு இன்னாம்மா பேரு?" என்றார். பெயர் எனக்கும் தெரியவில்லை. வெளிச்சம் எந்த வழியாகப் போகிறது என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. டெக்னீஷியன் புரொஜெக்டரின் கண்ணாடியிலிருந்து திரையின் நாலு மூலைக்கும் நாலு நூல் கட்டினார். பட்டு நூல்தான், அந்த வீட்டில் வேறு நூல் ஏது? அவர் போட்ட முடிச்சு பெரியவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூலில் ஏறி அவிழ்த்துத் தானே போட்டார். அந்தப் பக்கம் சின்னவர் ஏற்கெனவே மூலைகளில் முடிச்சை மாற்றிக்கொண்டிருந்தார். நூல் தொய்யாமல் நிற்க இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் பதமாக இழுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நூல் விறைத்து நின்றது. அதைச் சுற்றிக் கொத்தனார் செங்கல் அடுக்கினார். ஓட்டை ஒரு அடி அகலம், முக்கால் அடி உயரம் வந்தது.

அன்று சாயங்காலம் போட்டுப் பார்த்தோம். படம் பிசிறில்லாமல் அந்தப் பக்கத்துத் திரையில் விழுந்தது. என் தொழிலில் இவ்வளவு துல்லியமாக ஒரு வேலை அமைந்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பெரியவர் கேட்டார், "நான் எங்கேந்துமா பார்க்கறது?"

அதை யாரும் யோசிக்கவில்லை. புரொஜெக்டரும், படங்கள் வருகிற பெட்டியும், இரண்டின் ரிமோட்டும் அவரிடம். திரையும் ஸ்பீக்கரும் தம்பியிடம். ஓட்டை வழியாக முழுப் படமும் தெரிய வேண்டுமென்றால் கண் புரொஜெக்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது உத்தரத்துக்குப் பக்கத்தில். பந்தல்காரரிடம் ஒரு ஏணி வாங்கி வந்தார்கள். அதன் மேல்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, புரொஜெக்டரோடு கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் பெரியவருக்கு முழுப் படமும் தெரிந்தது. புரொஜெக்டரின் சூட்டுக்காற்று நேராகக் காதில் அடிக்கும். துண்டை நனைத்துக் காதில் சுற்றிக்கொண்டு பார்த்தார். தினமும் பார்த்தார்.

எந்தப் படம் என்பதைப் பெரியவர் முடிவு செய்வார். எவ்வளவு சத்தம் என்பதைச் சின்னவர் முடிவு செய்வார். பிடிக்காத படம் போட்டால் சின்னவர் சத்தத்தை நிறுத்திவிடுவார். சத்தம் நின்றால் பெரியவர் படத்தை நிறுத்திவிடுவார். பிறகு என் கடை ஃபோன் அடிக்கும்.

"ஏம்மா, அவன்கிட்ட சத்தம் வெக்கச் சொல்லு."

"அண்ணா, நீங்களே ஓட்டை வழியாச் சொல்லலாமே."

"அவன்கிட்ட நான் பேசறது இல்லியே."

நான் சின்னவருக்கு ஃபோன் போடுவேன். "தம்பி, கொஞ்சம் சத்தம் வெக்கணுமாம்."

"பக்திப் படமாப் போட்டுக்கினே இருக்கறாருக்கா. பசங்க எழுந்து போயிட்டாங்க. ஒரு சண்டைப் படம் போடச் சொல்லுங்க, வெக்கறேன்."

ஒருநாள் அவசரத்தில் பெரியவரின் ஃபோனைத் துண்டிக்காமலே இன்னொரு ஃபோனில் சின்னவரைக் கூப்பிட்டேன். சின்னவர் தன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் நான் பேசியது ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்து, பெரியவர் ஃபோனில் ஏறி, என் மற்ற காதில் கேட்டது. சத்தம் வெக்கணுமாம், சத்தம் வெக்கணுமாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்திருந்த கூரம் கிராமத்துக்காரர் ஒருவர் ஸ்பீக்கரைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

இதைவிட வேடிக்கையை நான் ஒருநாள் பகலில் பார்த்தேன். ரிமோட்டுக்குப் பேட்டரி கொடுக்கப் போனவள், பெரியவர் தறியில் இருக்கிறார் என்று வீட்டில் சொன்னதால் நாலு வீடு தள்ளியிருந்த தறிக்கொட்டகைக்குப் போனேன். உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கு ஒருவர் நூல் ஓடுகிற நாடாவைப் போடுவார், கரைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போடுவார். பெரியவர் தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் தோளோடு தோள் ஒட்டிக் கரை போட்டுக்கொண்டிருந்தவர் சின்னவர்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே தறியிலயா?" என்றேன்.

"பிரிக்கும்போது தறியில பாதிச் சேலை இருந்துது. கல்யாணச் சேலை. நடுவுல நிறுத்த முடியாதும்மா" என்றார் பெரியவர்.

"அது எப்பவோ முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சிது. அடுத்த சேலைக்குப் பாவு ஏத்திட்டோம்" என்றார் சின்னவர்.

"அப்ப இங்கயே பேசித் தீத்துக்கலாமே. என்னத்துக்கு எனக்கு ஃபோன் பண்றீங்க?"

பெரியவர் கை நிற்காமல் சொன்னார்: "தறியில தறிப் பேச்சுத்தாம்மா பேசுவோம். இழை அறுந்துதுன்னா சொல்லுவான். வீட்டுப் பேச்ச இங்க கொண்டாரக் கூடாது." சின்னவர் அதற்குத் தலையாட்டினார். நான் கிளம்பினேன். கடைக்கு வந்து சேருவதற்குள் சின்னவரிடமிருந்து ஃபோன். இன்றைக்குச் சாயங்காலம் கிரிக்கெட் போடச் சொல்ல வேண்டுமாம். தறியின் சத்தம் ஃபோனில் கேட்டது. அவர் இன்னும் அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அப்புறம் சின்னவரின் பெண்ணைப் பார்க்க ஆரணியிலிருந்து வருகிறார்கள் என்று தகவல் வந்தது. சின்னவர் கடைக்கே வந்தார்.

"அக்கா, அந்த ஓட்டையை ஒரு நாளைக்கு மட்டும் மறைக்கணும். செங்கல் வெச்சா அவருக்குக் கோவம் வரும். வெச்சது தெரியாத மாதிரி வெக்கணும்."

"அண்ணனைக் கூப்பிடலியா, தம்பி?"

"எப்படிக் கூப்பிடறது? பேசறது இல்லியே."

"நான் சொல்லட்டுமா?"

கொஞ்சம் யோசித்தார். "கல்யாணப் பேச்செல்லாம் ஃபோன்ல வேற ஆளு சொன்னா மரியாதையா இருக்காதுக்கா" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஸ்பீக்கர்களுக்கு முன்னால் போடுகிற கறுப்புத் துணி எங்களிடம் உண்டு. அதில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய் நானே ஓட்டையில் ஒட்டினேன். காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சின்னவர் மனைவி பிடித்து உட்காரவைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர். திரைக்கு முன்னால் வரிசையாக நாற்காலி போட்டிருந்ததால் எல்லோரும் திரைக்கு முதுகையும் ஓட்டைக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்தார்கள். சாயங்காலம் மேகமாக இருந்தது. கூடத்தில் ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் மினுக்கியது. பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு நின்றாள். பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

அப்போது கறுப்புத் துணி மெதுவாகப் புடைத்தது. ஒரு குடையின் முனை அதைக் குத்தி ஓரமாகத் தள்ளியது. அடுத்த நிமிஷம் நீல வெளிச்சம் ஏழு பேர் மேலும் விழுந்தது. படப்பெட்டியை அவர் போடவில்லை போலிருக்கிறது. நோ சிக்னல் என்ற பெரிய இங்கிலீஷ் எழுத்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மேல் வந்து நின்றது. பெண் அதைப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இன்னாங்க இது?" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார் பையனின் அப்பா.

சின்னவருக்கு வேர்த்துவிட்டது. "வெளிச்சங்க" என்றார்.

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பையன் முகம் சரியாத் தெரியல. அதான் லைட்டு போட்டேன். ஏம்பா, கொஞ்சம் இப்படித் திரும்பு."

பையன் திரும்பினான். எழுத்து அவன் தோளுக்குப் போனது.

"யாருங்க அது?"

சின்னவர் என்னைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் நானும் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவரே சொன்னார்: "எங்க அண்ணன். பொண்ணுக்குப் பெரியப்பா."

"மேல ஏன் இருக்கறாரு? எறங்கி வரச் சொல்லுங்களேன்."

"ஒடனே வர முடியாதுங்க. அவரு அடுத்த தெருவுல இருக்கறாரு."

ஆரணிக்காரர் சுவரைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் பெரியவர் விசாரணையை ஆரம்பித்திருந்தார்.

"எங்கப்பா வேல?"

"சென்னையில, சாஃப்ட்வேர் கம்பெனிங்க."

"நைட் ஷிப்டு உண்டா?"

"மாசத்துல ஒரு வாரம்."

"கோவம் வருமா?"

பையன் யோசித்தான். "வரும். ஆனா பேசாமலாம் இருக்க மாட்டேன்" என்றான். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஏணி கிரீச்சிட்டது. பிறகு பெரியவர், "நல்லது. எனக்குச் சம்மதம்" என்றார். அவரை யாரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை.

பையனின் அப்பாவுக்கு அந்தச் சம்மதம் பிடித்துப்போனது. குடும்பத்தில் மூத்தவர் கையில்தான் தாம்பூலம் கொடுப்பேன் என்றார். சுற்றி நடந்து போகலாம் என்றால் ராகுகாலம் வந்துவிடும் என்று அவர் மனைவி கைக்கடிகாரத்தைக் காட்டினார். எனவே தட்டு ஓட்டைக்குப் போனது. தட்டு ஒரு அடிக்கு மேல். நேராக நுழையவில்லை. சாய்த்தால் ஆப்பிள் உருண்டது. கடைசியில் பையனே நாற்காலியில் ஏறி, வெற்றிலையை முதலில் கொடுத்தான். பாக்கு போனது. தேங்காய் போனது. வாழைப்பழச் சீப்பு மட்டும் இடித்தது. ஒவ்வொரு பழமாகப் பிய்த்து உள்ளே நீட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து ஒவ்வொன்றாக வாங்கியது. புரொஜெக்டரை யாரும் நிறுத்தாததால் திரையில் ஒரு பெரிய கையின் நிழல் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது பழத்தில், "போதும்பா, மிச்சத்த நீங்க சாப்பிடுங்க. ஏணி ஆடுது" என்றார் பெரியவர்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் போயிருந்தேன். மண்டப வாசலில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்றார்கள். பெண் கட்டியிருந்த சேலை அவர்கள் இரண்டு பேரும் அந்தத் தறியில் நெய்ததுதான். அவர்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, மாமனார் கீழேயும் பெரிய மாமனார் ஏணி மேலேயும் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஃபோனை எடுத்து இரண்டு வீட்டுக்கும் இரண்டு பெரிய டிவி ஆர்டர் போட்டுவிட்டார். என் கடையில் இல்லை, ஆன்லைனில். பெட்டி வந்ததும் சுவரில் மாட்டித்தர என்னைத்தான் கூப்பிட்டார்கள். போய் மாட்டினோம். வருத்தமாகத்தான் இருந்தது. புரொஜெக்டரைக் கழற்றட்டுமா என்று டெக்னீஷியன் கேட்டதற்கு, அது பத்திரத்தில் இருக்கிறது, தொடக் கூடாது என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு கடை ஃபோன் சாயங்காலத்தில் அமைதியாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பெரியவரின் மனைவி கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஓரிக்கைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஸ்பீக்கர்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "அந்த ஓட்டைக்கு ஒரு கதவு போடணும்மா" என்றார். "படம்தான் போடறது இல்லியே. பூனை வருது."

"மொத்தமா அடைச்சிடலாமே, அண்ணி?"

"ஐயோ வாணாம். நானும் என் ஓரகத்தியும் கொழம்பு குடுத்து வாங்கறது அதுலதான். ஏணியும் இருக்குது, வசதியா இருக்குது."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? எப்பலேந்து?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நாங்க எப்ப பேசாம இருந்தோம்? பால் வாங்கற எடத்துல தெனம் காலைல பேசிக்கினுதான் இருக்கறோம். ஆரணிலேந்து பொண்ணு பாக்க வராங்கன்னு அவதான் எனக்குச் சொன்னா. நான்தான் இவருகிட்ட சொல்லி ஏணியில ஏத்தி வுட்டேன்."

"அண்ணி, ஒரு வருஷத்துக்கு மேல நான் அவரு சொன்னத இவருக்கும் இவரு சொன்னத அவருக்கும் ஃபோன்ல சொல்லிக்கினு இருந்தேனே. உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்களே முடிச்சிருப்பீங்களே."

"எங்ககிட்ட யாரும் கேக்கலியே. நீங்க வேற நல்லாப் பண்ணிக்கினு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டோம்" என்றார்.

நான் டெக்னீஷியனைப் பார்த்தேன். அவர் கேட்காத காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு சால்டரிங் செய்துகொண்டிருந்தார்.

பழைய ஸ்பீக்கர் பெட்டியின் பலகை ஒன்று பின்னறையில் கிடந்தது. அதை வெட்டிக் கதவு செய்து தருகிறேன் என்றேன். முக்கால் அடி உயரத்துக்கு வெட்டட்டுமா என்று கேட்டதற்கு அவர் கையால் அளவு காட்டினார். குழம்புச் சட்டி போகும், சோற்றுப் பானை இடிக்கிறது, இன்னும் அரையடி வேண்டும்.

"அதுக்குச் சுவத்த இடிக்கணுமே, அண்ணி. கொத்தனார் வரணும்."

"சொல்லியாச்சு. ஞாயித்துக்கெழம வராரு. நீங்களும் வாங்க. நூல் புடிக்க ஆள் வேணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதான். போனேன்.